ஆளுக்கொரு மொழி: ஒரு விதியை எடைபோடுதல்

வெளிநாட்டில் வாழும் தமிழ்த் தம்பதிக்குக் குழந்தை பிறந்ததும் வந்துசேரும் அறிவுரைகளில் ஒன்று, "ஆளுக்கொரு மொழி" என்பது. அம்மா தமிழ் என்றால் தமிழிலேயே நிற்க வேண்டும். அப்பா ஆங்கிலமோ ஜெர்மனோ என்றால் அதை விட்டு நகரக் கூடாது. இரண்டையும் ஒரே வாயில் கலந்தால் பிள்ளை குழம்பிப்போகும். தடுப்பூசி போடப் போன இடத்தில் சொல்வார்கள், பாலர் பள்ளி ஆசிரியை சொல்வார், முன்பே பிள்ளை பெற்ற நண்பர்களும் சொல்வார்கள். நூறாண்டைத் தாண்டிய விதி இது. கேட்க ஒழுங்காக இருக்கிறது, எளிதில் மனதில் பதிகிறது, யார் என்ன செய்ய வேண்டும் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. ஆனால் அம்மா தமிழில் கேட்க, பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள் டொராண்டோவிலும் லண்டனிலும் ஏராளம். அவற்றில் பலவற்றில் அம்மா விதியை மீறவே இல்லை. அப்படியானால் பிழை பெற்றோரிடமா, விதியிலா?

எனக்கு விதியின் மீதுதான் சந்தேகம்.

அது பிறந்த வீட்டிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா, தன் மகன் லூயி இரண்டு மொழிகளைக் கற்ற விதத்தை 1913இல் நூலாக வெளியிட்டார். அப்பா பிரெஞ்சு, அம்மா ஜெர்மன். ஆளுக்கொரு மொழி என்ற யோசனையை அவருக்குக் கொடுத்தவர் இன்னொரு மொழியியலாளரான மோரிஸ் கிராமோன். லூயி இரண்டையும் நன்றாகப் பேசினான். விதி வென்றுவிட்டதாக உலகம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த வீடு எப்படிப்பட்டது? மொழியையே தொழிலாகக் கொண்ட தகப்பன். அங்கே சிறுபான்மையாக இருந்ததோ, அறிவியலுக்கும் தத்துவத்துக்கும் இசைக்கும் உரியதென்று அன்றைய ஐரோப்பா மதித்த ஜெர்மன். ரோன்ஜாவின் சொந்த ஆய்வுப் புலம் தென் பிரான்சின் ஒக்சிதான் மொழி. அவர் மகனைக் கவனித்துக் குறிப்பெடுத்த அதே ஆண்டுகளில் அந்த மொழி பிரெஞ்சுக்கு வழிவிட்டு வீடுவீடாக அற்றுக்கொண்டிருந்தது. ஒக்சிதான் பேசும் ஒரு விவசாயி வீட்டில் இந்த விதியைச் சோதித்திருந்தால் உலகம் அதை இவ்வளவு நம்பியிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

இதைவிடப் பயனுள்ள சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. ஜெர்மன் பேசும் பேராசிரியர் வெர்னர் லியோபோல்ட், இல்லினாய் மாநிலத்தில் தன் மூத்த மகள் ஹில்டகார்டோடு ஜெர்மன் மட்டுமே பேசினார். தாய் ஆங்கிலம் பேசினார். நாள்தோறும் குறிப்பெடுத்து, 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மொழி கற்றலைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் தொகுதிகளைத் தாண்டிப் போக முடியாது. ஹில்டகார்டின் ஜெர்மன் தளர்ந்துகொண்டே போன காலத்தில், ஐந்து வயதையொட்டிச் சில மாதங்கள் ஜெர்மனியில் தங்க நேர்ந்தது. அங்கே மொழி மளமளவென்று திரும்பி வந்தது; தற்காலிகமாக ஆங்கிலம் பின்னுக்குப் போனது. வீட்டில் தகப்பன் ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாததை, ஜெர்மன் இல்லாமல் நாள் நகராத ஓர் ஊர் சில மாதங்களில் செய்தது. இரண்டாவது மகள் கார்லா இன்னும் அதிகம் சொல்கிறாள். அதே தகப்பன், அதே விதி. ஆனால் கார்லா ஜெர்மனைப் புரிந்துகொண்டாள், பதிலைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். அவள் பிறந்தபோது வீட்டுக்குள் ஏற்கனவே ஆங்கிலம் பேசும் அக்கா ஒருத்தி இருந்தாள். விதியை அதன் மிக உறுதியான காவலரே நடத்திய வீட்டில், இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விளைவு.

ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பது சரி. பெரிய எண்ணிக்கைக்கு அனிக் டி ஹௌவரின் ஆய்வைத்தான் நாட வேண்டும். பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸில், குறைந்தது ஒரு பெற்றோராவது வீட்டில் வேறு மொழி பேசிய 1,899 குடும்பங்களின் விவரங்களை அவர் 2007இல் ஆராய்ந்து வெளியிட்டார். வீட்டில் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தும், ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் அதைப் பேசவில்லை. யார் வீட்டில் பேசினார்கள் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் செய்தி தெளிவாகிறது. இரண்டு பெற்றோரும் சிறுபான்மை மொழியை மட்டுமே பேசிய வீடுகளில் 97 விழுக்காட்டில் பிள்ளைகளும் பேசினார்கள். இருவரில் ஒருவர் டச்சும் சேர்த்துப் பேசியபோது 93. ஒருவர் சிறுபான்மை மொழி, மற்றவர் டச்சு, அதாவது நம் ஆளுக்கொரு மொழி, வெறும் 74. இரண்டு பெற்றோரும் இரண்டு மொழிகளையும் பேசிய, விதிப்படி மிக மோசமாக இருந்திருக்க வேண்டிய வீடுகளில் 79. ஒருவர் இரண்டையும் பேசி மற்றவர் டச்சு மட்டும் பேசிய வீடுகளில் 36.

அந்த 74ஐயும் 79ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதியின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. கலப்பதுதான் கேடு என்றால், கலந்து பேசிய வீடுகள் தனித்தனியே பேசிய வீடுகளைவிடப் பின்தங்கியிருக்க வேண்டும். பின்தங்கவில்லை. மேலே இருக்கும் 97ஐயும் கீழே கிடக்கும் 36ஐயும் பிரிப்பது தூய்மை இல்லை. பெரும்பான்மை மொழி வீட்டுக்குள் எத்தனை வாய்களில் வருகிறது, சிறுபான்மை மொழி எத்தனை வாய்களில் வருகிறது என்ற கணக்கே பிரிக்கிறது.

இந்த ஆய்வையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. பெற்றோர் வினாத்தாளில் தாமே எழுதிக்கொடுத்த விவரம் இது. பிள்ளை "பேசுகிறது" என்றால் எவ்வளவு என்பது தெரியாது. இன்னொன்று இதைவிட முக்கியம்: காரணம் எது, விளைவு எது? பிள்ளை தமிழில் பதில் சொல்வதை நிறுத்திய பிறகு பெற்றோரும் சோர்ந்து ஆங்கிலத்துக்கு மாறிய வீடும், கணக்கெடுப்பில் "இரண்டு மொழியும் பேசும் வீடு" என்றே பதிவாகும். அதாவது அந்த 36க்குள் தோற்ற வீடுகளும் கலந்திருக்கின்றன, தோற்கடித்த பழக்கங்களும் கலந்திருக்கின்றன. இந்தக் குறையை ஒப்புக்கொண்டாலும், 97க்கும் 74க்கும் இடையிலான இடைவெளி அவ்வளவு எளிதில் கரைந்துவிடாது.

வேறொரு நாட்டின் வேறொரு அளவுகோலும் ஒத்த திசையையே காட்டுகிறது. வேல்ஸில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 3, 4 வயதுப் பிள்ளைகள் வெல்ஷ் பேசுகிறார்களா என்று பார்த்தது. வீட்டில் இணையர் இருவருக்கும் வெல்ஷ் தெரிந்தால் 82 விழுக்காடு. ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் 45. இங்கே எண்ணப்பட்டது பெற்றோரின் அறிவு; அவர்கள் வீட்டில் அதைப் பேசினார்களா என்பது எண்ணப்படவில்லை. எனவே ஃபிளாண்டர்ஸோடு எண்ணுக்கு எண் ஒப்பிடுவது நேர்மையாகாது. ஆனாலும் வெல்ஷ் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஆங்கிலமும் தெரியும் என்ற நாட்டில், 82 என்பது 97க்குப் பக்கத்தில் போகவில்லை, 79க்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

விதி ஏன் சறுக்குகிறது என்பதற்கு என் விளக்கம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஆளுக்கொரு மொழி என்பது இரண்டு பேர் பேசும்போதுதான் ஓடும். அம்மாவும் பிள்ளையும் தனியாக இருந்தால் தமிழ்; அப்பாவும் பிள்ளையும் தனியாக இருந்தால் ஆங்கிலம். மூவரும் உட்கார்ந்தால்? தமிழ் தெரியாத அப்பா முன்னால் அம்மா தமிழில் ஒரு கதை சொன்னால் அவர் வெளியே நிற்கிறார். அதை நாகரிகக் குறைவாக நினைத்து அம்மா ஆங்கிலத்துக்கு மாறுகிறாள். நாளின் நீண்ட, சுவையான, எல்லோரும் கூடிய உரையாடல் முழுவதும் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. தமிழுக்கு மிஞ்சுவது குளிக்க வா, செருப்பைப் போடு, தூங்கு என்ற ஏவல்கள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசும் மொழி எது என்பது பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். இருவருமே தமிழர்களாக இருந்தும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு, ஒருவர் மட்டும் "தமிழ்ப் பொறுப்பு" எடுத்துக்கொள்ளும் வீடுகளில், இல்லாத ஒரு பிரச்சினைக்கு மருந்தாக இந்த விதியை எடுத்துவந்து நோயை உண்டாக்குகிறார்கள் என்றே சொல்வேன்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தை நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் விழித்திருக்கிறது என்று வையுங்கள். வாரத்துக்கு 91 மணி. மியாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சன் குழு 1997இல் வெளியிட்ட கட்டுரையில், விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கேட்ட மொழியைப் பேசக் குழந்தைகள் தயங்கியதைக் குறிப்பிட்டார்கள். சிறிய குழுவில் கண்டது, எல்லா வீட்டுக்கும் சட்டமாகாது. இருந்தாலும் அதைத் தோராய அளவாக எடுத்தால் வாரத்துக்கு 18 மணி நேரம் தேவை. தமிழ் பேசுபவர் முழுநேர வேலைக்குப் போகும் அப்பா என்றால், வேலை நாளில் ஒன்றரை மணி, விடுமுறை நாளில் ஐந்து மணி என்று தாராளமாகவே வைத்தாலும் பதினேழரைதான் வருகிறது. அதுவும் அவர் ஒரு நாள்கூடச் சளைக்காமல், தொலைபேசியை எடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தால். ஞாயிறு தமிழ்ப் பள்ளி இரண்டு மணி நேரம் என்றால், 91இல் அது இரண்டு விழுக்காடு.

அளவோடு முடிவதில்லை, பதிலும் வேண்டும். நார்வேயில் அமெரிக்கத் தாயும் நார்வேத் தகப்பனும் உள்ள குடும்பங்களின் இரண்டு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து எலிசபெத் லான்ஸா 1997இல் எழுதிய நூல், இந்தத் துறையில் பெற்றோருக்கு மிக நேரடியாகப் பயன்படுவது என்பேன். குழந்தை "தவறான" மொழியில் பேசும்போது பெரியவர் என்ன செய்கிறார் என்பதை அவர் ஐந்து படிகளாக வரிசைப்படுத்தினார். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்து வீட்டுச் சமையலறைக்கு அதைக் கொண்டுவந்து பார்ப்போம். பிள்ளை வந்து, "அம்மா, ஐ வான்ட் வாட்டர்" என்கிறது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்னப்பன், என்ன வேணும்? விளங்கேல்லை" என்று கேட்கலாம், பிள்ளை வேறு வழியின்றித் தண்ணீரைத் தமிழில் கேட்கும். "தண்ணியோ வேணும்?" என்று ஊகித்துக் கேட்கலாம், பிள்ளைக்குத் தலையாட்டினால் போதும். "ஓ, பிள்ளைக்குத் தண்ணி வேணுமாம்" என்று தமிழில் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஊற்றலாம். பிள்ளை காதால் கேட்கும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கொடுக்கலாம். கடைசியாக, "ஓகே, ஒன் மினிட்" என்று தானும் ஆங்கிலத்துக்கு மாறலாம்.

ஐந்திலும் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைக்கிறது, ஐந்திலும் அம்மா அன்பாகத்தான் இருக்கிறாள். ஆனால் முதலாவதிலிருந்து கடைசி வரை வர வர, இந்த வீட்டில் தமிழ் இல்லாமலும் எல்லாம் நடக்கும் என்ற செய்தி பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆளுக்கொரு மொழி என்ற விதி, அம்மா எந்த மொழியில் பேச வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. பிள்ளையின் வாயிலிருந்து என்ன வர வேண்டும் என்பதைப் பற்றி மௌனம். அம்மா தன் பங்கைத் தவறாமல் செய்தும் வீட்டில் தமிழ் ஒருவழிப் பாதையாகிப் போவது அதனால்தான். "விளங்கேல்லை" என்பதை எப்போதும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுந்து அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் மொழியைக் கேட்டு நிற்பது கொடுமை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று அறிந்த ஏழு வயதுப் பிள்ளையிடம் அந்த நாடகம் எடுபடவும் செய்யாது. இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த ஒரு நடுவழியே பெரும்பாலான வீடுகளுக்கு நீடித்து நிற்கும்.

வீட்டில் முடியாததைப் பள்ளி செய்துவிடும் என்று நம்புவோர் நிறையப் பேர். அவர்களுக்கான சோதனைக்களம் சிங்கப்பூர். தமிழுக்கு அங்கே கிடைத்திருப்பது வேறெந்தப் புலம்பெயர் சமூகத்துக்கும் கிடைக்காதது: அதிகாரத்துவ மொழிகள் நான்கில் ஒன்று என்ற தகுதி, பள்ளியில் தாய்மொழிப் பாடம், 1935இலிருந்து வரும் தமிழ் முரசு, வசந்தம் தொலைக்காட்சி, ஆண்டுதோறும் தமிழ்மொழி விழா. இவ்வளவும் இருந்தும், ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. மொத்த மக்கள்தொகையின் சேர்க்கை மாறியதும் இதில் ஓரளவு பங்கு வகிக்கும். வீட்டில் ஆங்கிலமே அதிகம் என்றவர்களில் பெரும்பாலோர் இன்னொரு மொழியையும் பேசுவதாகவே சொன்னார்கள். ஆக, தமிழ் அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஆனால் பள்ளியும் அரசும் சேர்ந்தும் வீட்டு மேசையைப் பிடித்துவைக்க முடியவில்லை என்பது தெளிவு.

அதற்கு நம் மொழிக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. அமெரிக்க அறிஞர் ஹரோல்ட் ஷிஃப்மன் பல ஆண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டியது: பள்ளியில் கற்பிக்கும் எழுத்துத் தமிழை எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. பிள்ளை வகுப்பில் "நான் பள்ளிக்குச் செல்கிறேன்" என்று எழுதிப் பழகுகிறது. பாட்டியிடம் அப்படிப் பேசினால் பாட்டி சிரிக்கிறார். பாட்டியிடம் கேட்ட "போறேன்" என்பதை வகுப்பில் எழுதினால் சிவப்பு மை. இரண்டு இடத்திலும் தவறு செய்பவனாகவே ஆகிவிட்ட பிள்ளைக்கு, தவறே வராத ஆங்கிலம் கையருகே இருக்கிறது. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறைக்குள் பேச்சுத் தமிழைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது துணிச்சலான முடிவு. அதை இலக்கணக் கெடுதியாகப் பார்த்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு பேசும் வீட்டுப் பிள்ளைக்குச் சென்னை உரையாடல்களைப் பாடமாக்கிக் கொடுப்பதும் இதே வகைச் சேதம்தான். வாரப் பள்ளி எழுத்தைக் கற்றுத்தரும், தமிழ் பேசும் மற்றப் பிள்ளைகளைக் கண்ணில் காட்டும். இவை இரண்டும் பெரிய நன்மைகள். வீட்டில் பேச்சு இருக்கும் பிள்ளைக்கு அந்த நன்மைகள் பற்றிக்கொள்ளும். இல்லாத பிள்ளைக்கு "அ, ஆ" ஓர் அந்நிய மொழியின் எழுத்துக்களாகவே இருந்துவிடும்.

எல்லாம் வீட்டில்தான் என்றால் எல்லாப் பழியும் வீட்டின் மேல் வந்து விழுமே, குறிப்பாக அம்மாவின் மேல்? இந்த மறுப்பைத் திடமாக வைத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து போன மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா. லண்டன், டொராண்டோ, கலிபோர்னியாவின் லங்காஸ்டர் ஆகிய இடங்களில் ஈழத் தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்து 2008இல் எழுதிய கட்டுரையில், குடும்பத்தைத் தன்னிச்சையான கோட்டையாகப் பார்க்கும் பார்வையை அவர் கேள்விக்குள்ளாக்கினார். குடியேறிய நாட்டின் வேலைச் சந்தை, ஆங்கிலத்துக்குக் காலனி ஆட்சி கொடுத்த மதிப்பு, சாதி, வர்க்கம், ஊரில் பெண்ணுக்கு இருந்த இடம் எல்லாம் சேர்ந்துதான் வீட்டுக்குள் நுழைகின்றன. ஆங்கிலம் விடுதலையாக வந்து சேர்ந்த பெண்களும் இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். வீட்டையே அடித்தளமாகக் கொண்ட ஜோஷுவா ஃபிஷ்மனின் 1991ஆம் ஆண்டு நூலுக்கு இது நேர் எதிர். கனகராஜா சொல்வதில் முக்கால் பங்கை ஏற்கிறேன். பிள்ளை தமிழ் பேசவில்லை என்று தாயைக் குற்றவாளியாக நிறுத்தும் வழக்கம் நம் சமூகத்தில் அசிங்கமாகப் பரவியிருக்கிறது. தகப்பன் அந்தக் கூண்டில் ஒருநாளும் ஏற்றப்படுவதில்லை. மிச்சக் கால் பங்கில் முரண்படுகிறேன். காரணங்கள் வெளியிலிருந்து வந்தாலும் அவை செயல்படும் இடம் வீடு. வெளியைப் பெற்றோர் மாற்ற முடியாது. தங்களுக்குள் பேசும் மொழியை மாற்ற முடியும்.

வீடும் வெளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைக்குப் போனால் போதும். தெற்குமாசி வீதியை ஒட்டிய தெருக்களிலும் பரமக்குடியிலும் சேலத்திலும் வாழும் சௌராஷ்டிரர்களின் மொழி, சுற்றிலும் தமிழ் சூழ நூற்றாண்டுகளாக நின்றிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர். அரசுப் பள்ளியில் பாடம் இல்லை, தொலைக்காட்சி இல்லை. தறியும் தெருவும் திருமண உறவும் அதைத் தாங்கின. பக்கத்து வீட்டு மாமி, நூல் கடைக்காரர், கல்யாண வீட்டு அரட்டை என்று பிள்ளைக்கு அந்த மொழி தேவைப்படும் வாசல்கள் பல இருந்தன. தறிகள் குறைந்து குடும்பங்கள் அடுக்ககங்களுக்குப் போகப் போக, அந்த வீடுகளிலும் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே விழுங்கும் பக்கத்தில் நிற்பது நம் மொழி. டொராண்டோவில் தமிழுக்காக வருந்தும் எவருக்கும் மதுரையில் இதைப் பார்க்கக் கண் வேண்டும். மொழிக்கு ஒரு வீடு போதாது, இன்னொரு வீடாவது வேண்டும் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

பெற்றோரை ஊக்குவிக்க இன்று அதிகம் பயன்படும் வாதம் ஒன்றை விலக்கிவைக்க விரும்புகிறேன்: இருமொழி மூளையைக் கூர்மையாக்கும் என்பது. 1923இல் வேல்ஸில் ஸேர் என்பவர் கிராமத்து இருமொழிப் பிள்ளைகளின் அறிவு பின்தங்கியிருப்பதாக எழுதினார்; 1962இல் மாண்ட்ரியலில் பீலும் லாம்பர்ட்டும் இருமொழிப் பிள்ளைகள் முந்துவதாகக் கண்டார்கள். அன்றிலிருந்து ஊசல் அந்தப் பக்கமே ஆடியது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 நினைவிழப்பு நோயாளிகளை ஆராய்ந்து, இருமொழியாளர்களுக்கு நோய் நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதாக 2013இல் எழுதியது மதிப்புள்ள ஆய்வு. ஆனால் பெரியவர்களின் கவனக் கட்டுப்பாடு பற்றிய 152 ஆய்வுகளைத் தொகுத்த லேட்டோனென் குழு, பதிப்பிக்கப்படாமல் போன முடிவுகளுக்கு ஈடுசெய்து கணக்கிட்டபோது, அந்த மேன்மை காணாமல் போனதாக 2018இல் அறிவித்தது. விவாதம் முடியவில்லை. முடியாத விவாதத்தின் மேல் ஒரு வீட்டின் இருபது ஆண்டு உழைப்பை நிறுத்துவது தவறு. அந்தப் பலன் இல்லை என்று நாளை தெரிந்தால், பேரப்பிள்ளை அம்மம்மாவோடு பேசுவது வேண்டாததாகிவிடுமா? பேசவேண்டிய மனிதர்கள் இருப்பதே காரணம்.

மறுபக்க மூடநம்பிக்கையையும் ஒரு வரியில் முடிக்கலாம். பேச்சுத் தாமதமாகும் பிள்ளைக்கு வீட்டு மொழியை நிறுத்துங்கள் என்று சொல்லும் நிபுணர்கள் இன்னும் இருக்கிறார்கள். மொழி வளர்ச்சிக் குறைபாடுள்ள இருமொழிப் பிள்ளைகள், அதே குறைபாடுள்ள ஒருமொழிப் பிள்ளைகளைவிட மோசமாக இல்லை என்பதைக் கியூபெக்கில் ஜோஹான் பாரடிஸும் ஃபிரெட் ஜெனீசியும் உடன் ஆய்வாளர்களும் 2003இலேயே காட்டிவிட்டார்கள். அந்த அறிவுரையை மறுத்துவிட்டு வேறு நிபுணரைத் தேடலாம்.

என் தீர்ப்பு இது. பெற்றோர் இருவருக்கும் தமிழ் தெரிந்தால் ஆளுக்கொரு மொழி என்ற விதிக்கு அந்த வீட்டில் வேலை இல்லை; இருவரும் தங்களுக்குள்ளும் பிள்ளையிடமும் தமிழ் பேசட்டும், நாட்டின் மொழி தெருவிலிருந்து தானே வந்து சேரும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் விதியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது பாதி மருந்து. மற்றவர் தமிழைப் பேசாவிட்டாலும் காதால் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கற்க வேண்டும், அப்போதுதான் சாப்பாட்டு மேசை தமிழில் நடக்க முடியும். இதைக் கேட்பது அதிகம் என்று தோன்றலாம். தமிழர் அல்லாத கணவர்களுக்கும் மனைவிகளுக்கும் இந்தக் கோரிக்கையை வைக்க நாம் காட்டும் கூச்சம்தான் பிள்ளையின் தமிழைக் காவு கொடுக்கிறது. கையில் இருக்கும் பணம் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்புக்கா, கோடையில் ஆறு வாரம் ஊரில் மச்சான் மச்சாள்மாரோடு விடுவதற்கா என்று வந்தால், யோசிக்காமல் விமானச் சீட்டை வாங்கச் சொல்வேன். இரண்டாவது பிள்ளை வருமுன் மூத்ததிடம் தமிழைக் கேட்டு வாங்க வேண்டும். மூத்ததின் வாயில் ஆங்கிலம் குடியேறிவிட்டால் தம்பிக்கும் தங்கைக்கும் வீட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது.

ஏற்கனவே பதினைந்து வயதாகி, எல்லாம் விளங்கி, எதுவும் பேசாத பிள்ளை உள்ள வீடுகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றைத் தோல்விக் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கவில்லை. சிறுவயதில் ஸ்பானியத்தைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், வளர்ந்தபின் அதைக் கற்றபோது புதிதாகக் கற்றவர்களைவிடத் தெளிவாக உச்சரித்ததை டெர்ரி ஔவும் குழுவினரும் 2002இல் கண்டார்கள். கேட்டது உள்ளே கிடக்கிறது. பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொல்லட்டும். அப்பாவும் அம்மாவும் தமிழில் கேட்பதை நிறுத்திவிடக் கூடாது.